அரண்மனையின் கூரையும் பள்ளிவாசலின் கூரையும்

தாய்லாந்து நாட்டின் தலைநகராம் பாங்காக்கில் ஒரு நாள் முழுதும் அரண்மனைகளையும் ஆற்றங்கரைப் புத்தர் கோயில்களையும் சுற்றிப் பார்க்கும் வாய்ப்பு அண்மையில் எனக்குக் கிட்டியது. என்னை வரவேற்று உபசரித்தவர் காயல்பட்டினத்தைச் சேர்ந்த நண்பர். சீலோம், பாங்ராக் பகுதிகளில் நம் கடற்கரை ஊர்களைச் சேர்ந்தவர்கள் இரத்தினக்கல் வாணிபம் செய்து வருவது வாசகர்கள் பலரும் அறிந்ததே. அவர்கள் நிறுவிய பள்ளிவாசலும் அங்கு உண்டு. நண்பர் அங்குக் குடியேறி நாற்பது ஆண்டுகளாகின்றன. அவருடைய பேரன் அந்நகரிலேயே பிறந்தவன்; பத்து வயது நிரம்பாதவன். வீட்டில் தமிழும், பள்ளிக்கூடத்தில் தாய் மொழியும், மாலையில் ஓதும் பள்ளியில் குர்ஆனுமாக அவன் வளர்ந்து வருகிறான்.

“காக்கா, நீங்கள் போகும்போது பேரனையும் கூட்டிக்கொண்டு போவோம். வழிகாட்டி சொல்வதை அவனும் கேட்கட்டும்” என்றார் நண்பர். அவ்வாறே காலை எட்டு மணிக்கெல்லாம் மூவரும் பேரரண்மனையின் வாயிலை அடைந்தோம். அங்கு ஒரு தாய்லாந்துப் பெண்மணி எங்களுக்கு வழிகாட்டியாக வாய்த்தார். பழகுவதற்கு இனியவர், வரலாறும் நன்கு கற்றவர்.

அரண்மனையைப் பார்க்குமுன் அந்நகர் தோன்றிய வரலாற்றைச் சிறிது அறிந்துகொள்ளல் நலம். சியாம் நாட்டின் பழைய தலைநகரம் அயுத்தியா. 1351-இல் நிறுவப்பட்ட அப்பெருநகரை 1767-இல் பர்மியப் படை எரித்து அழித்தது. சிதறிய மக்களைத் திரட்டி நாட்டை மீட்டவர் தக்சின் மன்னர். சாவ் பிரயா ஆற்றின் மேற்குக் கரையில் தொன்புரி என்னுமிடத்தில் அவர் தலைநகர் அமைத்தார். 1782-இல் அவருடைய ஆட்சி வீழ்ந்தது. அவருடைய தளபதியாயிருந்தவர் அரியணை ஏறி முதலாம் ராமா எனப் பெயர் பெற்று, தலைநகரை ஆற்றின் கீழ்க்கரைக்கு மாற்றினார். அவ்வாண்டு மே மாதம் தொடங்கப்பெற்றதே இப்பேரரண்மனை. அவர் வழிவந்த சக்ரி மரபினரே இன்றளவும் அந்நாட்டை ஆள்கின்றனர்.

ஏறத்தாழ 2,18,000 சதுர மீட்டர் பரப்பில் வெண்மதில் சூழ விரிந்து கிடக்கிறது அரண்மனை வளாகம். மன்னர் இன்று அங்கு வாழ்வதில்லை. எனினும் அரச விழாக்கள் அங்கேயே நிகழ்கின்றன. 2019-இல் பத்தாம் ராமாவின் முடிசூட்டு விழா நடந்ததும் இங்கேதான். வளாகத்தினுள் அமைந்தது மரகதப் புத்தர் கோயில். பெயர் மரகதமாயினும் அச்சிலை மரகதத்தால் ஆனதன்று; வேறொரு பச்சைக் கல்லால் ஆனது. 66 சென்டிமீட்டர் உயரமே உடையது. கோடை, மழை, குளிர் என்னும் மூன்று பருவங்களுக்கும் மூன்று பொன்னுடைகள் அதற்கு உண்டு. பருவம் மாறுகையில் மன்னரே அவ்வுடையை மாற்றுவது மரபு. சுற்றுச் சுவர்களில் 178 பகுதிகளாக இராமகாதை ஓவியங்கள் தீட்டப்பெற்றுள்ளன. சமயச் சடங்கு நடைபெறும் உள்மண்டபத்துள் நாங்கள் செல்லவில்லை. வெளியே நின்று கட்டடத்தின் அழகைக் கண்டோம். கல் வணிகரான நண்பர், அச்சிலையின் கல்லைப் பற்றி வழிகாட்டியிடம் ஆர்வத்தோடு வினவிக் கொண்டிருந்தார்.

அடுத்து நாங்கள் கண்டது சக்ரி மகா பிரசாத் என்னும் அரியணை மாளிகை. இதன் முன்னே நின்றவுடன் யாருக்கும் ஒரு வியப்புத் தோன்றும். தூண்களும் சாளரங்களும் மாடங்களும் ஐரோப்பிய முறையில் அமைந்துள்ளன. மேலே பார்த்தாலோ அடுக்கடுக்கான தாய்லாந்துக் கூரையும் வானளாவும் மூன்று கூர்முடிகளும்! “வெள்ளைக்காரர் எங்கள் நாட்டு மகுடத்தைத் தலையில் வைத்துக்கொண்டாற்போல் இருக்கிறதென்று எங்களவர் வேடிக்கையாகச் சொல்வார்கள்” என்று வழிகாட்டி நகைத்தார்.

இக்கட்டடத்தை 1876-இல் தொடங்கி 1882-இல் முடித்தவர் ஐந்தாம் ராமாவான சூலாலங்கொண் மன்னர். முதலில் அவர் எண்ணியது முழுமையான ஐரோப்பிய மாளிகையே. உச்சியில் குவிமாடங்கள் வைப்பதாகவே திட்டம். அதனைத் தடுத்து, தாய்லாந்துக் கூர்முடிகளையே வைக்க வேண்டுமென மன்னரை இணங்கச் செய்தவர் முதிய அமைச்சர் சுவாங் புன்னாக். மன்னர் சிறுவராய் அரியணை ஏறிய 1868 முதல் 1873 வரை நாட்டை ஆண்ட பதிலாளர் அவரே.

இவ்விடத்தில் வழிகாட்டி சொல்லாத ஒரு செய்தியை வாசகர்களுக்கு யான் சொல்ல வேண்டும். அந்தப் புன்னாக் குடும்பத்தின் மூதாதை ஒரு முஸ்லிம். பாரசீகத்தின் கும் நகரிலிருந்து 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அயுத்தியாவுக்கு வாணிபம் செய்ய வந்த ஷேக் அஹ்மத் என்பவரே அவர். அவருடைய நேர்மையையும் அறிவையும் கண்ட சோங்தாம் மன்னர், அவரை வலத்துறை என்னும் துறைமுகத் திணைக்களத்தின் தலைவராக்கினார். சீன வாணிபம் இடத்துறையின் பொறுப்பு; இந்தியா, பாரசீகம், அரபு நாடுகள் ஆகியவற்றிலிருந்து வரும் கப்பல்கள் வலத்துறையின் பொறுப்பு. அத்தோடு நாட்டு முஸ்லிம்களின் தலைவர் என்னும் பொருளில் ‘சுலாராச்சமொந்திரி’ என்ற பட்டமும் அவருக்கு வழங்கப்பட்டது. நம் சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற துணிகளும் அவ்வலத்துறையைச் சார்ந்த வாணிபத்தில் அடங்கியவையே. சியாம் அரசவையினர் தம் நாட்டு வடிவங்களை அனுப்பி, அவ்வண்ணமே துணிகளில் வரைவித்து இக்கரையிலிருந்து வரவழைத்து வந்தனர்.

ஷேக் அஹ்மதின் வழித்தோன்றல்களில் ஒரு கிளையினர் இஸ்லாத்திலேயே நிலைத்து அப்பட்டத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்கினர். மற்றொரு கிளையினர் அரசவையோடு நெருங்கி, காலப்போக்கில் புத்த சமயத்தைத் தழுவினர். அக்கிளையே புன்னாக் குடும்பம். ஐரோப்பியச் சுவர்மீது தாய்லாந்துக் கூரையை வைக்கச் சொன்ன அமைச்சர், தம் முன்னோரின் சமயத்திலிருந்து விலகிப் பல தலைமுறைகள் கடந்த பின் தோன்றியவர்.

இவ்வரலாற்றை நண்பரிடம் யான் சொல்லி முடித்தபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. அவருடைய கண்கள் முன்னே துள்ளி ஓடிய பேரன்மீதே இருந்தன. அவன் ஓர் அரண்மனைக் காவலர் அருகே நின்று, “அப்பா, எங்கள் ராஜாவின் வீட்டைப் பாருங்கள்!” என்று கூவினான். பாட்டனாரை ‘அப்பா’ என்றழைப்பது நம் கரையோர வழக்கு. ‘எங்கள் ராஜா’ என்ற அச்சொல்லைக் கேட்டு வழிகாட்டி மகிழ்ந்து அவன் தலையைத் தடவினார். நண்பரும் புன்னகைத்தார், எனினும் அப்புன்னகையில் ஒரு கவலையும் கலந்திருந்ததை யான் கண்டேன்.

அரண்மனையை விட்டு வெளியேறி, வாட் போ என்னும் கோயிலை நோக்கி மதிலோரமாக நடந்தோம். எதிரே பாதுகாப்பு அமைச்சகத்தின் பெரிய கட்டடம். அதன் முன்புறப் புல்வெளியில் பழைய பீரங்கிகள் பல வரிசையாக வைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று மட்டும் மற்றவற்றை எல்லாம் விஞ்சி நிற்கிறது. அதன் நீளம் 7 மீட்டருக்குச் சற்றே குறைவு. பெயர் ‘பயா தானி’.

“அப்பா, இது யாருடையது?” என்று கேட்டான் சிறுவன். வழிகாட்டி, “தெற்கிலிருந்து கொண்டுவந்தது” என்று சுருக்கமாய்ச் சொல்லி அப்பால் நடந்தார்.

தெற்கில் இருந்தது பத்தானி சுல்தானகம். 16-ஆம், 17-ஆம் நூற்றாண்டுகளில் கிழக்குக் கடலின் பெருந்துறைகளுள் ஒன்றாக அது விளங்கியது. அரசியர் நால்வர் அடுத்தடுத்து ஆண்ட சிறப்பும் அதற்குண்டு. சீனர், போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஜப்பானியர் எனப் பலரும் அங்கு வாணிபம் செய்தனர். 1786-இல் முதலாம் ராமாவின் படை பத்தானியை வென்றது. அவ்வெற்றியின் அடையாளமாகக் கப்பலேற்றிக் கொணரப்பட்டதே இப்பீரங்கி. 2013-இல் இதன் மாதிரி ஒன்று பத்தானியின் பழைமையான குருசே பள்ளிவாசல் அருகே நிறுவப்பட்டது. மூலப் பீரங்கி பாங்காக்கில் இருக்க மாதிரியைத் தருவதா என மக்கள் மனங் குமுறினர்; அம்மாதிரி விரைவிலேயே குண்டுவெடிப்பில் சேதமுற்றது. 2004 முதல் தாய்லாந்தின் தென்கோடி மாவட்டங்களில் நடந்துவரும் வன்முறையில் 7,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்துள்ளனர். மாண்டவர்களுள் முஸ்லிம்களும் உளர். புத்த சமயத்தவரும் உளர். அரசவையில் முஸ்லிம்கள் பெற்ற பெருமையைச் சொல்லி மகிழும் நாம், அரண்மனையின் எதிரே கிடக்கும் இவ்விரும்பின் கதையை மறைத்துவிட்டுப் போதல் நேர்மையாகாது.

சிறுவனின் கேள்விக்கு நண்பர், “அது பத்தானி முஸ்லிம்களுடையதடா, மோனே! போரில் எடுத்து வந்தார்கள்” என்று மட்டும் விடை கூறினார். அவன் அதனை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு எங்களுடன் நடந்தான்.

வாட் போ கோயிலின் புகழுக்குக் காரணம் அங்குள்ள பள்ளிகொண்ட புத்தர் சிலை. நீளம் 46 மீட்டர். உயரம் 15 மீட்டர். பாதங்களில் 108 மங்கலச் சின்னங்கள் முத்துச் சிப்பியால் பதிக்கப்பெற்றுள்ளன. சிலையைவிட எனக்கு வியப்பளித்தவை கல்வெட்டுகளே. மருத்துவம், யாப்பு, வரலாறு, நீதி எனப் பல துறைக் கல்வியையும் பளிங்குப் பலகைகளில் பொறித்து, வருவோர் அனைவரும் படித்துப் பயன்பெறுமாறு சுவர்களில் பதித்திருக்கின்றனர். அயுத்தியா எரிந்தபோது ஏடுகளும் எரிந்தன. இனியும் அவ்வாறு அறிவு அழியலாகாதென்னும் எண்ணம் இம்முயற்சியில் புலனாகிறது. யுனெஸ்கோ நிறுவனம் இக்கல்வெட்டுகளை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்துள்ளது. உலகின் 32 வகை மக்களைப் பற்றிய செய்யுள்களும் இக்கோயிலில் பொறிக்கப்பெற்றன.

இவற்றையெல்லாம் செய்வித்தவர் 1824 முதல் 1851 வரை ஆண்ட மூன்றாம் ராமா. அவருடைய அன்னையார் சிறீ சுலாலை. இவ்வம்மையாரின் தாய்வழி, தெற்கே சொங்க்லா நகரை 17-ஆம் நூற்றாண்டில் ஆண்ட சுல்தான் சுலைமானைச் சென்று சேர்கிறது. அரண்மனைச் சுவர்களுக்குள் முஸ்லிம் குருதி இவ்வாறு அன்னையர் வழியாகவும் கலந்திருக்கிறது. பள்ளிகொண்ட புத்தர் சிலை அமைந்த ஆண்டு 1832. அதே ஆண்டில்தான் பத்தானியில் எழுந்த கிளர்ச்சியை அம்மன்னரின் படை அடக்கியது. அங்கிருந்து சிறைப்பிடிக்கப்பட்ட மலாய் மக்கள் பலர் பாங்காக்குக்குக் கொண்டுவரப்பட்டனர். 1837-இல் தொடங்கி 1840-இல் முடிந்த சேன்சேப் கால்வாயை வெட்டுவதில் அவர்களுடைய உழைப்பும் கண்ணீரும் கலந்தன. அக்கால்வாயின் கரையெங்கும் இன்று பள்ளிவாசல்கள் எழுந்து நிற்கின்றன. கைதிகளாய் வந்தோரின் மக்கள் அங்கேயே குடிகளாகி வாழ்கின்றனர்.

நண்பகல் வெயிலில் தா தியன் துறையில் படகேறி ஆற்றைக் கடந்தோம். கடப்பதற்குச் சில நிமிடங்களே ஆயின. எதிர்க்கரையில் நீரோரமாய் நிமிர்ந்து நிற்கிறது வாட் அருண் என்னும் வைகறைக் கோயில். ‘அருணன்’ என்னும் வடசொல்லே இப்பெயரில் இருக்கிறது. ஏறத்தாழ 82 மீட்டர் உயரமுள்ள அதன் நடுக்கோபுரம், சீனப் பீங்கான் துண்டுகளாலும் சிப்பிகளாலும் பூவேலை செய்யப்பெற்றது. இரண்டாம் ராமா காலத்தில் தொடங்கிய இப்பெரும்பணி மூன்றாம் ராமா காலத்தில் நிறைவேறியது. அண்மையில் 2013 முதல் 2017 வரை பெரும் செப்பனிடும் பணி நடந்தது. தக்சின் மன்னரின் தொன்புரி அரண்மனை இக்கோயிலை அடுத்தே இருந்தது. நாம் காலையில் கண்ட மரகதப் புத்தர் சிலையும் ஆற்றைக் கடந்து புதிய கோயிலுக்குப் போகுமுன் இங்கேதான் வைக்கப்பட்டிருந்தது.

வழிகாட்டியின் பணி இத்துடன் முடிந்தது. அவருக்கு நன்றி கூறி விடைகொடுத்தோம். “இனிமேல் நான் வழிகாட்டுகிறேன், வாருங்கள்” என்றார் நண்பர்.

சில நிமிட நடையில் பாங்காக் யாய் கால்வாயின் கரையை அடைந்தோம். அங்கிருப்பது தொன்சொன் பள்ளிவாசல். அயுத்தியா காலத்திலேயே முஸ்லிம்கள் தொழுதுவந்த இடம். இன்றுள்ள கட்டடம் 20-ஆம் நூற்றாண்டில் எழுந்தது. லுஹர் தொழுகையை அங்கு நிறைவேற்றினோம். அதன் மையவாடியில் தக்சின் மன்னரின் பெருந்தளபதியொருவர் அடங்கியிருக்கிறார். பெயர் மஹ்மூத், தாய் மக்கள் ‘முத்’ என்பர். சொங்க்லா சுல்தானின் வழிவந்தவரே இவரும். 1767-இல் நாடிழந்து நின்ற தக்சினோடு சேர்ந்து நாட்டை மீட்கப் போரிட்டவர். ‘சாவ் பிரயா சக்ரி’ என்னும் உயர்பட்டம் பெற்று 1774-இல் மறைந்தார். அதே சக்ரி பட்டத்தைத் தாங்கிய மற்றொரு தளபதியே பின்னர் முதலாம் ராமாவாக முடிசூடினார். இன்றைய அரச மரபின் பெயராய் வழங்கும் அப்பட்டத்தை ஒரு முஸ்லிமும் தாங்கியிருந்தார் என்பதை அந்த அமைதியான மையவாடி நினைவூட்டுகிறது.

அங்கிருந்து நண்பர் எங்களை அழைத்துச் சென்றது குறுகலான ஒரு தெருவுக்கு. தெருமுடிவில் வெண்ணிறச் சுவர்களோடும் பச்சைக் கூரையோடும் ஒரு கட்டடம். “இன்னும் ஒரு கோயிலா?” என்று சலித்துக் கொண்டான் சிறுவன். நானும் அவ்வாறே எண்ணினேன். ஏனெனில் அடுக்குக் கூரை, முக்கோண முகப்பு, வரிசைத் தூண்கள் யாவும் காலை முதல் கண்ட கோயில்களைப் போன்றே இருந்தன. அருகே சென்று பார்த்தபோது வேறுபாடு விளங்கியது. கூரை விளிம்பில் நாகமோ பறவையோ இல்லை. முகப்பில் தெய்வ வடிவம் எதுவும் இல்லை. பூவும் கொடியும் மட்டுமே சுதையில் மலர்ந்திருந்தன. உள்ளே கிப்லாவை நோக்கிய மிஹ்ராப்.

இதுவே பாங் லுவாங் பள்ளிவாசல். வெண்பள்ளி என்னும் பொருளில் ‘கூடி காவ்’ என மக்கள் வழங்குகின்றனர். முதலாம் ராமாவின் ஆட்சித் தொடக்கத்தில் தோ யி என்னும் முஸ்லிம் வணிகர் இதனைக் கட்டுவித்தார். அதாவது அக்கரையில் பேரரண்மனை எழுந்துகொண்டிருந்த அதே காலத்தில் இக்கரையில் இப்பள்ளி எழுந்தது. இரண்டையும் அந்நாட்டுக் கட்டடக்கலை மரபே உருவாக்கிற்று. தூண்களை எண்ணுமாறு நண்பர் பேரனிடம் சொன்னார். அவன் சுற்றி ஓடி எண்ணி, “முப்பது!” என்றான். “குர்ஆனில் எத்தனை ஜுஸு?” என்றார் நண்பர். சிறுவனின் முகம் மலர்ந்தது. சாளரங்கள் பன்னிரண்டு, வாயில் ஒன்று, ஆகப் பதின்மூன்று. தொழுகையின் ருக்னுகளைப் பதின்மூன்றென எண்ணும் கணக்கை ஷாபிஈ மத்ஹபினரான நம் கடற்கரை மக்கள் அறிவர். ஓதத் தெரிந்தவனுக்குத் தூணும் சாளரமுமே பாடம் சொல்லித் தருமாறு அதனைக் கட்டியிருக்கின்றனர்.

அங்கு நின்றபோது என் நினைவு கீழக்கரைக்கும் காயல்பட்டினத்துக்கும் சென்றது. அவ்வூர்களின் பழைய கல்பள்ளிகளைக் கட்டியவர்கள் நம் நாட்டுச் சிற்பிகளே. கோயில் மண்டபத்தில் காணும் அதே கல்தூண், அதே போதிகை. உருவங்கள் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் பூக்களும் கொடிகளும். அவற்றைக் கட்டுவித்த நம் முன்னோர் தம் மண்ணின் கைத்திறனைக் கண்டு அஞ்சவுமில்லை. தம் தீனை விட்டுக்கொடுக்கவுமில்லை. கடல் கடந்து வேறொரு மண்ணில் தோ யி என்னும் வணிகரும் அவ்வாறே செய்திருக்கிறார்.

அஸர் தொழுதபின் வெளித்திண்ணையில் அமர்ந்தோம். நண்பர் தம் மனத்திலிருந்ததை அப்போதுதான் வெளியிட்டார். “காக்கா, காலையில் புன்னாக் குடும்பத்தைப் பற்றி நீங்கள் சொன்னதிலிருந்து எனக்கு ஒரே சிந்தனை. இவன் இந்த நாட்டுப் பிள்ளை. இவனுடைய பிள்ளைகள் என்னவாக இருப்பார்கள்? ஊருக்கே அனுப்பிவிடலாமா என்றுகூடச் சில நேரம் தோன்றுகிறது” என்றார்.

அவருக்கு விடை சொல்லும் தகுதி எனக்கில்லை. வரலாறு எதற்கும் உறுதிமொழி தருவதுமில்லை. ஒரே மூதாதையின் மக்களுள் ஒரு கிளை தீனில் நிலைத்தது. மற்றொரு கிளை விலகியது. அரண்மனையின் பட்டமும் பதவியும் இருவருக்கும் கிடைத்தன. ஷேக் அஹ்மத் தாங்கிய சுலாராச்சமொந்திரி பதவி இன்றும் இருக்கிறது. 2023-இல் அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவ்வரிசையில் 19-ஆமவர். மறுபுறம், பட்டமும் பதவியும் இன்றிக் கைதிகளாய் வந்து கால்வாய் வெட்டிய மலாய் மக்கள், அதன் கரையில் பள்ளிகட்டித் தம் பிள்ளைகளுக்கு ஓதக் கற்பித்தனர். அவர்களுடைய தலைமுறைகளும் இன்றுவரை நிலைத்திருக்கின்றன. ஆதலின் பிள்ளை எந்த மண்ணில் வளர்கிறான் என்பதைக் காட்டிலும், அவனுக்கு யார் என்ன கற்பிக்கிறார்கள் என்பதே பெரிதென எனக்குத் தோன்றிற்று. இதனையே நண்பரிடம் சொன்னேன். “அதற்காகத்தான் அவனைத் தூண் எண்ணச் சொன்னேன்” என்றார் அவர்.

அந்தி மயங்கும் வேளையில் மீண்டும் படகேறினோம். நடுவாற்றில் படகு செல்கையில் ஒரு கரையில் வைகறைக் கோயிலின் கோபுரமும், மறுகரையில் அரண்மனையின் பொன்முடிகளும் மாலை வெயிலில் ஒளிர்ந்தன. வெண்பள்ளியின் கூரை ஆற்றிலிருந்து தெரியாது. கால்வாய்க்குள் நுழைந்து தேடிச் சென்றாலன்றி அதனைக் காணவியலாது. சிறுவன் அத்திசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்பா, அடுத்த வெள்ளிக்கிழமை அந்த முப்பது தூண் பள்ளிக்குப் போவோமா?” என்று கேட்டான்.

“இன்ஷா அல்லாஹ், போவோம்” என்றார் நண்பர்.